விரல் மூட்டில் நிறம் வரவில்லையா? முதலில் கருவியின் அமைப்பைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்து ஸ்கேன் சென்டர்களில் பெரும்பாலும் ஒரே கருவிதான் எல்லா வேலையும் பார்க்கும். கர்ப்பிணி, பித்தப்பைக் கல், தைராய்டு, கால் ரத்தக்குழாய் என்று வரிசையாக முடித்த கையோடு, அதே கருவியில் ஒருவருடைய விரல் மூட்டையும் பார்க்க வேண்டி வரும். முடக்குவாதமோ என்ற சந்தேகத்தில் மருத்துவர் அனுப்பியிருப்பார். புரோபை (தோலில் வைக்கும் ஸ்கேன் முனை) வைத்து, ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் பவர் டாப்ளரை அழுத்துகிறோம். திரையில் நிறமே இல்லை. "மூட்டில் அழற்சி இல்லை" என்று எழுதக் கை போகும். எழுதும் முன் ஒரு கேள்வி: மூட்டில் ரத்த ஓட்டம் இல்லையா, ஓட்டம் இருந்தும் கருவி காட்டவில்லையா?

மூட்டு ஸ்கேனுக்குப் புதிதாக வரும் மருத்துவர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் இந்தக் கட்டுரை. எந்தப் பொத்தானை எங்கே வைப்பது, தப்பாக வைத்தால் எது மறையும், எது இல்லாமலே தோன்றும் என்பதுதான் விஷயம். அழற்சியின் அளவை 0 முதல் 3 வரை எண்ணால் எழுதப் போகிறோம். அந்த எண்ணை நம்பித்தான் மருந்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். அதனால் ஒவ்வொரு பொத்தானும் முக்கியம்.

எவ்வளவு மெதுவான ஓட்டத்தைத் தேடுகிறோம்

மூட்டுப் பையின் உட்சவ்வுக்கு சைனோவியம் என்று பெயர். நல்ல மூட்டில் அது இருப்பதே தெரியாது. அழற்சி வந்தால் தடிக்கும், அதற்குள் மெல்லிய புது ரத்தக்குழாய்கள் முளைக்கும். தடிப்பைச் சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படத்தில் பார்க்கிறோம். புதுக் குழாய்களின் ஓட்டத்தை டாப்ளரில் பார்க்கிறோம்.

அந்த ஓட்டம் மிக மெதுவானது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டாப்ளர் அலைவரிசை 7.5 மெகாஹெர்ட்ஸ், ரத்தம் நொடிக்கு 1 சென்டிமீட்டர் ஓடுகிறது, கோணம் 60 டிகிரி, உடலுக்குள் ஒலியின் வேகம் நொடிக்கு 1540 மீட்டர். இதில் கிடைக்கும் டாப்ளர் மாற்றம், அதாவது ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் அலைவரிசையில் வரும் வித்தியாசம், சுமார் 49 ஹெர்ட்ஸ்தான். மெதுவான அசைவை வடிகட்டும் வால் ஃபில்டர் 100 ஹெர்ட்ஸில் இருந்தால், அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் அது வெட்டி எறிந்துவிடும். மூட்டில் அழற்சி கொதித்துக்கொண்டிருக்கும், திரை வெறுமையாக இருக்கும். கழுத்துத் தமனிக்கு வைத்த அமைப்பில் விரல் மூட்டைப் பார்த்தால் நடப்பது இதுதான். தமனியில் ரத்தம் பாய்ந்து ஓடுகிறது. அங்கே மெதுவான அசைவெல்லாம் தொந்தரவு, அதனால் ஃபில்டர் அதை நீக்குகிறது. நமக்கோ அந்த மெதுவான அசைவுதான் வேண்டும்.

நோயாளி உட்கார்ந்த பிறகு, புரோபை எடுக்கும் முன்

சித்திரை வெயிலில் பஸ் ஏறி வந்தவரை நேராக ஏசி அறையில் படுக்க வைத்துப் பார்க்காதீர்கள். கருவிக்காக அறையை நன்றாகக் குளிர வைத்திருப்பீர்கள். அங்கே நெடுநேரம் காத்திருந்தால் விரல்கள் சில்லிட்டுப் போய், சின்னக் குழாய்களில் ஓட்டம் சுருங்கும். வெயிலில் நின்ற சூடும் கணக்கைக் குழப்பும். வெளி ஹாலில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வைத்து, பிறகு உள்ளே அழையுங்கள். கையைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் துண்டால் சுற்றி வைத்து, இயல்புச் சூட்டுக்கு வந்தபின் தொடங்குங்கள். ஜெல் குப்பியும் ஏசிக் காற்றுக்கு நேரே இருக்கக் கூடாது.

நாலு கேள்வி கேளுங்கள். காலையில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாரா? வலி மாத்திரை எப்போது போட்டார்? கடந்த சில வாரங்களில் ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ எடுத்தாரா? கைக்கோ காலுக்கோ வழக்கத்தை மீறிய வேலை இருந்ததா? ஒத்தடமும் வேலையும் ஓட்டத்தைக் கூட்டிக் காட்டலாம். வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் குறைத்துக் காட்டலாம். மாத்திரையை நிறுத்தச் சொல்வது நம் வேலை இல்லை. பதிலை ரிப்போர்ட்டில் குறித்தால் போதும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து போய்த் திரும்பியவரின் கணுக்காலிலும் முழங்காலிலும் நீர் கோத்திருந்தால், நடந்த கதையைக் கேட்காமல் அதை நோய்க் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

மோதிரம், வளையலைக் கழற்றச் சொல்லுங்கள். தைலம் தடவியிருந்தால் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசை புரோபின் முகத்துக்கு ஆகாது.

கை வைக்கும் விதம்

உள்ளங்கை கீழே பார்க்க, மடித்த துண்டின் மேல் கையை வையுங்கள். விரல்கள் லேசாக வளைந்து தளர்ந்திருக்க வேண்டும். புதியவர்கள் விரலை நேராக நீட்டச் சொல்லிவிடுவார்கள். நோயாளியும் டாக்டர் முன்னால் விறைப்பாக நீட்டிக்கொள்வார். "ஆச்சி, கையைத் தலையணை மேலே போட்டாப்பல விடுங்க, பிடிச்சு வைக்காதீங்க" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். மூட்டு விறைத்தால் பை இழுபடும், உள்ளே அழுத்தம் ஏறும், ஓட்டம் நின்றுபோகும்.

முழங்காலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மூட்டு நீரைத் தேடும்போது 30 டிகிரி மடக்கி வைத்துப் பார்ப்பது நல்லது. டாப்ளருக்கு வரும்போது காலைத் தளர நீட்டிவிடுங்கள். மடக்கிய நிலையிலேயே டாப்ளரும் பார்த்தால் முன்தொடைத் தசைநாண் இறுகி, இருக்கும் நிறமும் போய்விடும்.

கறுப்பு வெள்ளைப் படம்

ப்ரீசெட் (கருவியில் முன்பே சேமித்த அமைப்பு) பட்டியலில் தசை-எலும்பு என்று இருந்தால் அதில் தொடங்குங்கள். இல்லாவிட்டால் தைராய்டு போன்ற மேலோட்டமான உறுப்புகளுக்கான ப்ரீசெட் பரவாயில்லை. வயிற்று ப்ரீசெட் வேண்டவே வேண்டாம்.

லீனியர் புரோப் (நேரான தட்டை முகம் கொண்டது) அவசியம். விரலுக்கும் மணிக்கட்டுக்கும் கருவி தரும் உயர்ந்த அலைவரிசையைத் தேர்ந்தெடுங்கள். 15 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் கிடைத்தால் நல்லது. 15 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 0.1 மில்லிமீட்டர், 7.5-ல் அதுவே 0.2. நாம் பார்க்கும் தடிப்பே ஓரிரு மில்லிமீட்டர்தான் என்பதால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். இடுப்பு மூட்டு போல ஆழமானவற்றுக்கு அலைவரிசையைக் குறைத்தே ஆக வேண்டும். உயர்ந்த அலை அவ்வளவு ஆழம் போகாது.

டெப்த், விரல் மூட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் போதும். திரையின் பாதி எலும்புக்குக் கீழே உள்ள கறுப்பாக இருந்தால் டெப்த் அதிகம் என்று அர்த்தம். ஃபோகஸ் ஒன்றே ஒன்று, மூட்டு இருக்கும் ஆழத்தில்.

கெயினில்தான், அதாவது திரும்பி வரும் ஒலியை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பதில்தான், அதிகத் தப்பு நடக்கிறது. கெயின் மிகக் குறைந்தால் குருத்தெலும்பு, மூட்டு நீர், தடித்த சைனோவியம் மூன்றும் ஒரே கறுப்பாகிவிடும். மிகக் கூடினால் நீருக்குள்ளேயே சாம்பல் நிறம் பரவி, வெறும் நீரைத் தடிப்பு என்று படிப்போம். எலும்பின் மேல்கோடு பளிச்சென்று வெள்ளையாகவும், குருத்தெலும்பு கறுப்பாகவும், தசைநாணின் நார்கள் தனித்தனியாகவும் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள்.

நீரா, தடிப்பா என்று சந்தேகம் வந்தால் புரோபால் மெல்ல அழுத்திப் பாருங்கள். நீர் விலகி ஓடும், அதில் டாப்ளர் நிறம் வராது. தடிப்பு அதிகம் நசுங்காது, இடம் பெயராது. சோதித்து முடிந்ததும் அழுத்தத்தை முழுவதும் எடுத்துவிட்டுத்தான் டாப்ளருக்குப் போக வேண்டும்.

மணிக்கட்டின் மேற்புறத்தில் இன்னொரு பொறி உண்டு. புரோப் சில டிகிரி சாய்ந்தாலே தசைநாண் கறுத்துப்போய், சுற்றி நீர் கோத்தது போல் காட்டும். புரோபை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். கறுப்பு மறைந்து நார் தெரிந்தால் அது கோணத்தின் வேலை, நோய் இல்லை.

டாப்ளர்: இந்த வரிசையில்

முதலில் பி.ஆர்.எஃப், அதாவது கருவி நொடிக்கு எத்தனை முறை ஒலித்துடிப்பு அனுப்புகிறது என்பது. அதை 0.5 முதல் 0.8 கிலோஹெர்ட்ஸுக்குள் வையுங்கள். சில கருவிகள் கிலோஹெர்ட்ஸைக் காட்டாமல் நிறப்பட்டையின் நுனியில் வேகத்தை எழுதும். 7.5 மெகாஹெர்ட்ஸில் 0.8 கிலோஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு சுமார் 4 சென்டிமீட்டருக்குச் சமம். அந்தப் பட்டையில் 15, 20 என்று எண் நின்றால் இன்னும் ரத்தக்குழாய் அமைப்பிலேயே இருக்கிறீர்கள். அதற்காக ஒரேயடியாகக் கீழே இறக்கவும் வேண்டாம். நோயாளி மூச்சு விட்டாலும் உங்கள் கை நடுங்கினாலும் திரை முழுக்க நிறம் மின்னும்.

அடுத்தது வால் ஃபில்டர். இருப்பதிலேயே குறைந்த படியில் வையுங்கள். பல கருவிகளில் பி.ஆர்.எஃப்-ஐ ஏற்றினால் ஃபில்டரும் தானாக ஏறும், இறக்கினால் தானாக இறங்காமலும் போகலாம். அதனால் பி.ஆர்.எஃப்-ஐ முதலில் வைத்து, பிறகு ஃபில்டரைத் தனியாகச் சரிபாருங்கள்.

டாப்ளர் அலைவரிசைக்கு ஒரே விடை கிடையாது. கணக்குப்படி உயர்ந்த அலைவரிசை மெதுவான ஓட்டத்தை நன்றாகப் பிடிக்க வேண்டும். ஆனால் அது உள்ளே போகும்போதே தேய்ந்துவிடுகிறது. விரலிலேயே சில கருவிகள் குறைந்த அலைவரிசையில்தான் அதிக நிறம் காட்டுகின்றன. அழற்சி நன்றாகத் தெரியும் ஒரு மூட்டில், மற்ற எதையும் மாற்றாமல், இருக்கும் அலைவரிசைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதில் அதிகம் தெரிகிறதோ அதுவே உங்கள் கருவிக்கானது. பவர் டாப்ளரா, கலர் டாப்ளரா என்பதற்கும் இதே பதில். மெதுவான ஓட்டத்துக்கு பவர் டாப்ளர்தான் என்று பொதுவாகச் சொல்லிக்கொடுப்பார்கள். புதிய கருவிகள் சிலவற்றில் கலர் டாப்ளர் அதற்குக் குறையாமல், ஏன் கூடுதலாகவும் காட்டும். புத்தகத்தைவிட உங்கள் கருவியை நம்புங்கள்.

நிறப்பெட்டியை, அதாவது திரையில் கருவி நிறம் தேடும் கட்டத்தை, மூட்டுப் பையை மூடும் அகலத்துக்கு மட்டும் வையுங்கள். மிக அகலமாக வைத்தால் ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் என்பது) விழும். மேல்விளிம்பை மட்டும் தோல்வரை இழுத்து விடுங்கள். காரணம் இருக்கிறது. புறங்கையில் தோலடியில் ஓடும் சிரை, எதிரொலியாகக் கீழே மூட்டுக்குள்ளும் ஒரு பொய்ப் புள்ளியைப் போடும். பெட்டி தோல்வரை இருந்தால் மேலே அசல் சிரையும் நேர் கீழே அதன் நிழலும் சேர்ந்து தெரியும், ஏமாற மாட்டோம். பெட்டியை மூட்டோடு ஒட்டி வெட்டிவிட்டால் நிழல் மட்டும் தெரியும். அதற்கு ஒரு மதிப்பெண்ணும் போட்டுவிடுவோம்.

டாப்ளர் கெயின் கடைசி. பெட்டி எலும்புக் கோட்டுக்குக் கீழேயும் கொஞ்சம் இறங்கியிருக்கட்டும். எலும்புக்கு அடியில் உண்மையான ஓட்டம் தெரிய வழியில்லை, அங்கே வருவதெல்லாம் பொய். கெயினை ஏற்றிக்கொண்டே போங்கள். பெட்டி முழுக்கச் சின்னச் சின்னப் பொறிகள் தாறுமாறாக மின்னும். இப்போது ஒவ்வொரு படியாக இறக்குங்கள். எலும்புக்குக் கீழே கடைசிப் பொறி அணையும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு படி இறக்கினாலும் உண்மையான ஓட்டத்தை இழக்கிறீர்கள், ஒரு படி ஏற்றினாலும் பொய்யைச் சேர்க்கிறீர்கள். கருவி காட்டும் எண்ணை மனப்பாடம் செய்து எல்லோருக்கும் அதையே வைப்பது சரிவராது. பி.ஆர்.எஃப்-ஐயோ ஃபில்டரையோ தொட்டால் கெயினை மறுபடி இப்படியே வைக்க வேண்டும்.

பெர்சிஸ்டன்ஸ் குறைவாக இருக்கட்டும். அது பழைய ஃப்ரேம்களைச் சேர்த்துக் காட்டும், ஒரு நொடி மின்னிய பொறியும் நின்று எரிவது போலாகும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. கறுப்பு வெள்ளைக் கெயின் அதிகமாக இருந்தால், ஒரு புள்ளியை நிறமாகக் காட்டுவதா சாம்பலாகக் காட்டுவதா என்று கருவி முடிவெடுக்கும்போது சாம்பல் ஜெயித்துவிடும். கலர் ப்ரயாரிட்டி என்ற பொத்தான் அதைத்தான் தீர்மானிக்கிறது. டாப்ளர் அமைப்பெல்லாம் சரியாக இருந்தும் நிறம் வரவில்லை என்றால், கறுப்பு வெள்ளைக் கெயினைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள். மறைந்திருந்த குழாய் எழுந்து வருவதைப் பார்க்கலாம்.

அழுத்தம்

இதைத் தனியாக எழுதக் காரணம், எல்லா அமைப்பையும் சரியாக வைத்துவிட்டுக் கையால் கெடுத்துக்கொள்வது இங்கேதான். வயிறு ஸ்கேன் செய்து பழகிய கைக்கு அழுத்தித்தான் பழக்கம். விரல் மூட்டில் அந்த அழுத்தத்தில் பாதிகூட வேண்டாம், சின்னக் குழாய்கள் நசுங்கி வற்றிவிடும்.

ஜெல்லைத் தாராளமாகக் குவியுங்கள். புரோபை அந்த ஜெல்லின் மேல் மிதக்க விடுங்கள். திரையின் உச்சியில், புரோபுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு கறுப்புப் பட்டை தெரிய வேண்டும். அது ஜெல். அந்தப் பட்டை இருக்கும்வரை அழுத்தவில்லை என்று உறுதி. பட்டை மறைந்து தோல் நேரடியாகப் புரோபில் ஒட்டினால் கையைத் தூக்குங்கள். புரோபைப் பிடித்த கையின் சுண்டு விரலை மேசையிலோ நோயாளியின் கையிலோ ஊன்றிக்கொண்டால் நடுக்கம் இருக்காது.

தெரிந்த நிறம் உண்மையா

உண்மையான ஓட்டம் நாடித்துடிப்போடு சேர்ந்து கூடிக் குறையும், வந்த இடத்திலேயே திரும்ப வரும். இரைச்சல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நோயாளி அசைந்தால் வரும் மின்னல் பெட்டி முழுக்கப் பரவி மறையும். எலும்புக் கோட்டுக்குக் கீழே மேலே உள்ளது போலவே ஒரு புள்ளி தெரிந்தால், அது எலும்புப் பரப்பின் கண்ணாடி பிம்பம். எலும்புக்குள் நுழையும் இயல்பான ஊட்டக் குழாய் ஒன்று சில மூட்டுகளில் தெரியும், அதையும் அழற்சியில் சேர்க்கக் கூடாது. சந்தேகம் தீராவிட்டால், ஓட்டத்தை வரைபடமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரல் டாப்ளரை அந்தப் புள்ளியில் வையுங்கள். அலைவடிவம் வந்தால் ரத்தக்குழாய்.

திரை முழுக்கக் கோடுகோடாகவோ சீரான இடைவெளியிலோ நிறம் வந்தால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். எர்த்திங் சரியில்லாத பிளக், பக்கத்தில் செருகிய மொபைல் சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாமே டாப்ளரில் இரைச்சலாகப் புகக்கூடும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் ஆள் அகப்படும்.

மதிப்பெண்

டாப்ளர் மதிப்பெண் தடித்த சைனோவியத்துக்குள் தெரியும் நிறத்துக்கு மட்டுமே. நிறமே இல்லை என்றால் 0. தனித்தனிப் புள்ளிகள் மூன்றுவரை, அல்லது ஒன்றுசேர்ந்த திட்டு ஒன்றும் தனிப் புள்ளி இரண்டும், அல்லது திட்டு இரண்டுவரை என்றால் 1. அதைவிடக் கூடி, தடிப்பின் பரப்பில் பாதிக்குள் நின்றால் 2. பாதியைத் தாண்டினால் 3. இதுவே ஒமராக்ட்-யூலார் (வாதநோய்த் துறையின் சர்வதேச அமைப்புகள்) குழுவின் அளவுகோல்.

இப்போது கெயின் ஏன் முக்கியம் என்று பாருங்கள். 1-க்கும் 2-க்கும் இடையே இருப்பது ஓரிரு புள்ளிகள். இரண்டு படி கெயின் கூடினால் அந்தப் புள்ளிகள் வந்துவிடும். நோயாளியின் உடம்பில் எதுவும் மாறாமலே நோய் கூடியதாக ரிப்போர்ட் போகும்.

மதிப்பெண் நோயின் பெயரையும் சொல்லாது. பனை ஓலைக் கொட்டான் முடையும் பெண்களின் கட்டைவிரல் அடியிலும், ஆத்தங்குடித் தரைக் கல் வார்ப்பவர்களின் விரல்களிலும் தேய்மானத்தோடு சேர்ந்த அழற்சி இருக்கலாம், அதிலும் நிறம் வரலாம். சிக்குன்குனியா வந்துபோன மூட்டிலும் வரலாம். எந்த மூட்டில், எவ்வளவு என்று எழுதுங்கள். பெயர் வைப்பது ரத்தப் பரிசோதனையையும் பார்க்கும் மருத்துவர் பொறுப்பு.

சேமித்து வையுங்கள்

எல்லாம் சரியாக அமைந்ததும் அதைத் தனி ப்ரீசெட்டாகச் சேமியுங்கள். விரல்-மணிக்கட்டுக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று போதும். காலையில் வேலை தொடங்கும் முன் உங்கள் கட்டைவிரல் நுனிச் சதையில் அந்த ப்ரீசெட்டை ஓட்டிப் பாருங்கள். கை இதமாக இருந்தால் அங்கே நிறம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முந்தைய நாள் யாரோ அமைப்பை மாற்றியிருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள், அன்று சரிசெய்யாமல் யாருடைய மூட்டையும் பார்க்காதீர்கள்.

ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி சேருங்கள்: கருவியின் மாடல், புரோப், டாப்ளர் அலைவரிசை, பி.ஆர்.எஃப், ஃபில்டர் படி, டாப்ளர் கெயின். மூன்று மாதம் கழித்து அதே நோயாளி வரும்போது இந்த வரி இல்லாவிட்டால் இரண்டு படங்களை ஒப்பிடவே முடியாது.

மறு ஸ்கேனை அதே கருவியில்தான் செய்ய வேண்டும். மதுரையில் ஒரு கருவியில் 2 வாங்கிய மூட்டு காரைக்குடியில் வேறு கருவியில் 0 வாங்கினால், மருந்து வேலை செய்தது என்று சொல்ல அது போதாது. கருவிக்குக் கருவி உணர்திறன் வேறு, ஒரே எண்களை வைத்தாலும் ஒரே படம் வராது. சாஃப்ட்வேர் புதுப்பித்தாலும் இதே சிக்கல்தான். சென்டரில் புதுக் கருவி வாங்கினால், சில நாட்கள் பழையதையும் வைத்துக்கொண்டு, தொடர்ந்து வரும் நோயாளிகளை ஒரே அமர்வில் இரண்டிலும் பார்த்து, இரு மதிப்பெண்ணையும் குறித்து வையுங்கள்.

அதே கருவி வேண்டும் என்பதற்காக அதைத் தூக்கிக்கொண்டு கிராமத்து முகாமுக்குப் போய்விடவும் முடியாது. 1994-ம் ஆண்டு பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின்படி அல்ட்ராசவுண்ட் கருவி வைத்திருக்கும் இடம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். மூட்டு மட்டுமே பார்ப்பேன் என்றாலும் விலக்கு இல்லை. நோயாளியைத்தான் கருவி இருக்கும் இடத்துக்கு வரச் சொல்ல வேண்டும். வருவதற்கு முன்பே தொலைபேசியில், ஒத்தடம் கொடுக்காமல் வரும்படியும் முந்தைய ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்து வரும்படியும் சொல்லிவிடுங்கள்.